மேசைக்கு வந்த கணனி: ஒலிவெட்டியின் புரோகிராமா 101

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் உறுப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கணனி சிறுத்த கதையும் அதற்கு விலக்கன்று. வெற்றிடக் குழாய் மறைந்து திரான்சிஸ்டர் வந்தது. 1971இல் இன்ரெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. அதனால் கணனி மேசைக்கு வந்து சேர்ந்தது என்பர். இக்கூற்றுப் பிழையானதன்று; ஆயின் முழுமையானதுமன்று. நுண்செயலி தோன்றுவதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1965இல், இத்தாலியில் உருவான ஒரு பொறி எழுதுவினைஞரின் மேசைமீது அமர்ந்துவிட்டது. அதனை அங்கே கொண்டுவந்து சேர்த்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

அக்காலத்தில் கணனி என்பது குளிரூட்டப்பட்ட தனியறையில் இருப்பது. கணக்கு உடையவர் அதனை நெருங்குவதில்லை. துளையட்டைகளை ஒப்படைத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பார். பொறிக்கும் அவருக்கும் இடையில் இயக்குநர் கூட்டமொன்று நின்றது. அதே 1965இல் அமெரிக்காவில் வெளிவந்த பீ.டி.பி. 8 'மினி' எனப் பெயர் பெற்றது. அந்த மினியின் விலை 18,000 டொலர்; பருமனோ குளிர்சாதனப் பெட்டியோடு ஒப்பிடத்தக்கது. சிறுமை என்பதும் ஒப்பீட்டுச் சொல்லே போலும்.

ஒலிவெட்டி 1908இல் இவ்ரேயா நகரில் தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கிய நிறுவனம். 1959இல் அது எலியா 9003 என்னும் திரான்சிஸ்டர் கணனியை வெளியிட்டது. ஆனால் அம்முயற்சிக்குத் துணைநின்ற அத்ரியானோ ஒலிவெட்டி 1960இல் காலமானார். கணனிப் பிரிவின் தலைமைப் பொறியியலாளர் மரியோ ச்சூ 1961இல் வீதி விபத்தில் மாண்டார். கடன் நெருக்கடியுட்பட்ட நிறுவனம், 1964இல் தன் இலத்திரனியல் பிரிவின் பெரும்பங்கை அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு விற்றது. பியர் ஜோர்ஜியோ பெரோட்டோவின் தலைமையில் இயங்கிய ஒரு சிறு குழு மாத்திரம் தன் வேலையை விடாது தொடர்ந்தது. தம் ஆக்கம் கைமாறிப் போகாதிருக்கும் பொருட்டு, ஏடுகளில் அதனைக் 'கணனி' என்ற வகையிலிருந்து 'கணக்குப் பொறி' என்ற வகைக்கு மாற்றியதாக அக்குழுவினர் பின்னாளில் கூறினர்.

அது கணனியா, கணக்குப் பொறியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என் கருத்தில் அது கணனியே. கட்டளைத் தொடரை நினைவில் இருத்தி, ஒரு நிபந்தனை நிறைவேறியதா எனப் பார்த்து, அடுத்து எங்கே செல்வது என்று தீர்மானிக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. நிறை ஏறத்தாழ 35 கிலோகிராம். நினைவகமோ ஒரு சுருள் உருக்குக் கம்பி! கம்பியின் ஒரு முனையில் ஏற்படுத்தப்படும் நுண்ணிய முறுக்கு அதிர்வு மறுமுனையை அடையச் சிறிது நேரம் செல்லும். அந்த நேர இடைவெளியே நினைவாகப் பயன்பட்டது. மறுமுனையில் வாசிக்கப்பட்டது மீண்டும் முதல் முனையிற் செலுத்தப்பட்டது. இவ்வாறு ஓயாது ஓடிக்கொண்டிருந்த தரவு 240 பைற்று மட்டுமே. நுண்செயலி இன்றியே சிறுமை எய்தப்பட்டமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதனினும் குறிப்பிடத்தக்கது காந்த அட்டை. ஒருவர் எழுதிய கட்டளைத் தொடர் அட்டையிற் பதிவாகும். அட்டையைப் பொறியினுட் செருகினால், அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புகள் V, W, Y, Z என்னும் நான்கு விசைகளுக்கு நேரே வந்து நிற்கும். ஆகவே கட்டளை எழுத அறியாதவரும் உரிய விசையை அழுத்தி விடை பெறலாம். விடை காகிதச் சுருளில் அச்சாகும். மரியோ பெல்லினி வடிவமைத்த உறையோ, பயன்படுத்துவோரின் கையையும் கண்ணையும் கருதியே அமைந்தது. இடையில் நின்ற இயக்குநர் கூட்டம் இங்கே தேவையற்றதாயிற்று. வரலாற்றில் புதுமை இதுவே. பருமன் குறைந்தமை இதன் விளைவு.

1965 ஒக்டோபரில் நியூயோர்க் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. மறைவிலுள்ள பெருங்கணனிக்குக் கம்பி ஏதும் செல்கிறதா எனப் பார்வையாளர் தேடியதைப் பெரோட்டோ பதிவுசெய்துள்ளார். 3,200 டொலர் விலையில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின. நாசா நிறுவனமும் வாங்கிப் பயன்படுத்தியது. ஹியூலெற் பக்கார்ட் தனது 9100ஏ பொறியின் பொருட்டு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் டொலர் உரிமப் பணம் செலுத்த நேர்ந்தது. ஆயினும் கணனியைக் கைவிட முடிவுசெய்த நிறுவனம் இழந்த காலத்தை மீட்கவில்லை.

பின்வந்த கதை யாவரும் அறிந்ததே. இந்நூற்றாண்டில் மேசைக் கணனி கையிலடங்கும் பெட்டியாயிற்று: 2005இல் அப்பிளின் மக் மினி, 2012இல் 35 டொலர் விலைக்கு வந்த ரோஸ்பெரி பை, அதனையடுத்து இன்ரெலின் பத்துச் சென்ரிமீற்றர் அளவான நக். இவற்றை ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று. நக் பெட்டிகள் பலவற்றைத் திறந்து நினைவகத்தைப் பயனரே மாற்றலாம்; ரோஸ்பெரி பையோ மாணவர் தொட்டுக் கற்பதற்கென்றே செய்யப்பட்டது. மக் மினியில் 2020 முதல் நினைவகம் செயலியோடு ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளது. வாங்கியவர் அதனைக் கூட்டவும் இயலாது, மாற்றவும் இயலாது. இவ்விணைப்பால் வேகம் மிகும் என்பது உண்மை. ஆனால் 1965இல் பயனருக்கும் பொறிக்கும் இடையே நின்ற கதவு திறந்தது. இங்கே பொறியின் கதவே அடைபட்டுள்ளது.

2023இல் நக் உற்பத்தியிலிருந்து இன்ரெல் விலகியது. அவ்வரிசையை ஆசுஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.