ஸ்பிதி மலையில் கிடைக்கும் கடல் சுருள்கள்: அம்மோனைட் சேகரிப்பில் என்ன சிக்கல்?

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது லாங்சா கிராமம். அங்கு செல்லும் சுற்றுலாப் பயணிகளிடம், சுருள் வடிவம் பதிந்த கருங்கற்கள் விற்பனைக்கு நீட்டப்படுவது நெடுங்காலப் பழக்கம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கற்கள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்திய அம்மோனைட் என்னும் உயிரினத்தின் புதைபடிவங்கள். நினைவுப் பொருளாக வாங்கப்படும் இந்தக் கற்கள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறும்போது, அவற்றுடன் சேர்ந்து ஒரு முக்கியத் தகவலும் அழிந்துவிடுவதாகப் புவியியலாளர்கள் கவலை தெரிவித்து வருகின்றனர்.

அம்மோனைட்டுகள் ஓடுடைய தலைக்காலி வகை உயிரினங்கள். இன்றைய கணவாய், ஆக்டோபஸ், நாட்டிலஸ் ஆகியவற்றின் தூரத்து உறவுகள். இவற்றின் பெருங்குடும்பம் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்த அதே பேரழிவில் முற்றிலும் அழிந்தது. ஆட்டுக்கிடாயின் கொம்புகளுடன் சித்திரிக்கப்படும் எகிப்தியக் கடவுள் அமுனின் பெயரிலிருந்து இவை பெயர் பெற்றன. ஓட்டின் உட்புறம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். கடைசி அறையில் மட்டுமே உயிரினம் வசிக்கும். மற்ற அறைகளை ஒரு மெல்லிய குழாய் இணைக்கும். அவற்றில் உள்ள நீரையும் வாயுவையும் கொண்டு, அது கடலில் மிதக்கும் நிலையைச் சமன்செய்துகொண்டது.

இமயமலை இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் டெத்திஸ் என்னும் கடல் பரந்திருந்தது. வடக்கு நோக்கி நகர்ந்த இந்திய நிலத்தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியத் தட்டுடன் மோதத் தொடங்கியதில், அந்தக் கடலின் அடிமண் மடிப்பு மடிப்பாக மேலெழுந்து மலையானது. ஸ்பிதியில் காணப்படும் 'ஸ்பிதி ஷேல்' எனப்படும் கருநிறக் களிப்பாறை, ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியிலும் அதை அடுத்தும் படிந்த கடற்சேறு. அதனுள் உருண்டைக் கற்கள் விளைந்துள்ளன. பனியின் உறைவாலும் உருகலாலும் பாறை பிளந்து, ஓடைகள் அரித்து அவற்றை வெளியே தள்ளுகின்றன. பக்குவமாகத் தட்டினால் உருண்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் சுருளும் மறுபாதியில் அதன் அச்சும் தெரியும். இரண்டு பாதிகளையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும் என்பது சேகரிப்பின் பாலபாடம். சந்தையிலோ பெரும்பாலும் அழகான பாதிக்குத்தான் மதிப்பு.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய மொராவியாவைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1860-களில் ஸ்பிதியின் பாறை அடுக்குகளை விரிவாக ஆராய்ந்தார். யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1874-ம் ஆண்டு லடாக்கில் அவர் உயிரிழந்தார். லே நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது. பின்னர் விக்டர் ஊலிக், ஸ்பிதி ஷேல் படிவங்களை வகைப்படுத்தி 1903 முதல் 1910 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அந்தக் கற்களை இன்றும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதற்குக் காரணம், அவை பெயரிடப்பட்டு ஆவணமாகப் பாதுகாக்கப்பட்டதே.

முகவரி இழந்த கல்

அம்மோனைட் இனங்கள் விரைவாகத் தோன்றி, கடல்கள் எங்கும் பரவி, விரைவாகவே மறைந்தன. ஆகவே ஒரு பாறையில் இருக்கும் இனத்தைக் கொண்டு அந்தப் பாறையின் வயதைக் கணிக்கலாம். ஜுராசிக் காலத்தைப் பொறுத்தவரை இக்கணிப்பு பத்து லட்சம் ஆண்டுகள், சில இடங்களில் அதற்கும் குறைவான துல்லியத்தை எட்டுகிறது. ஆனால் கல் எந்த அடுக்கில் இருந்தது என்பது தெரிந்தால் மட்டுமே இது சாத்தியம். ஓடையில் பொறுக்கி, சாலையோரத்தில் விற்கப்பட்டு, வரவேற்பறை அலமாரிக்கு வந்து சேர்ந்த கல்லுக்கு அந்த முகவரி இல்லை.

முகவரி பொய்யானால் விளைவு இன்னும் மோசம். பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த வி.ஜே. குப்தா, இமயமலையில் கிடைத்ததாகக் கூறிப் பல்வேறு புதைபடிவங்கள் குறித்து நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டிருந்தார். அவற்றில் இடம்பெற்ற அம்மோனைட் குடும்பப் படிவங்கள் சில, மொராக்கோவின் எர்ஃபூத் பகுதியிலிருந்து வந்து உலகெங்கும் கடைகளில் விற்கப்படுபவற்றை ஒத்திருப்பதாக, ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் டேலன்ட் 1989-ம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். குற்றச்சாட்டை குப்தா மறுத்தார். எனினும் பல்கலைக்கழக விசாரணை அவருக்கு எதிராகவே முடிந்தது. அவருடன் இணைந்து எழுதிய பலரும், அவரை நம்பி மேற்கோள் காட்டியவர்களும் இமயமலையின் வரலாற்றில் எந்த வரி உண்மை என்று மீண்டும் சரிபார்க்க நேர்ந்தது.

இதே கற்களுக்கு வேறொரு வாழ்வும் உண்டு. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்கள் பலவும், ஸ்பிதி ஷேலை ஒத்த பாறைகளிலிருந்து வரும் அம்மோனைட் உருண்டைகளே. சுருளைத் திருமாலின் சக்கரமாகக் கண்டு வைணவர்கள் வழிபடுகின்றனர். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் அமைந்துள்ள முக்திநாத், 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகப் போற்றப்படுகிறது. வழிபாட்டுக்கு அடுக்கு விவரம் தேவையில்லை. இதை ஆய்வாளர்களும் குறையாகக் கூறுவதில்லை. செயற்கையாகச் சக்கரம் செதுக்கி விற்போரே இரு தரப்புக்கும் தலைவலி.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டம் சிலை, நாணயம், கையெழுத்துப்படி போன்றவற்றை மனதில் கொண்டு இயற்றப்பட்டது. புதைபடிவங்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லாத குறையைப் போக்க, புவிமரபுத் தலங்கள் மற்றும் புவிமரபுப் பொருள்கள் பாதுகாப்பு வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு அதில் அளிக்கப்பட்ட விரிவான அதிகாரம், பிற நிறுவன ஆய்வாளர்களின் களப்பணிக்குத் தடையாகலாம் என்ற எதிர்ப்பும் அப்போது எழுந்தது.

முழுத் தடை மட்டுமே வழியல்ல என்பதற்கு இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரை எடுத்துக்காட்டு. அங்கு அலைகள் பாறையை அரித்துக்கொண்டே இருப்பதால், உதிர்ந்து கிடக்கும் படிவங்களை எடுக்காவிட்டால் கடல் எடுத்துக்கொள்ளும். எனவே உதிரிகளைப் பொறுக்கலாம். அனுமதியின்றிப் பாறை முகட்டைத் தோண்டக் கூடாது. அரியவை கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும் என்ற நடத்தை விதி மேற்கு டோர்செட்டில் பின்பற்றப்படுகிறது. ஸ்பிதியின் ஓடைகளுக்கும் இந்த வாதம் ஓரளவு பொருந்தும். எனினும் அங்கே கல் விற்பது சில குடும்பங்களின் வருமானம் என்பதையும் விதி வகுப்போர் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் அம்மோனைட் வைத்திருப்போர் வாங்கிய இடம், நாள், சொல்லப்பட்ட ஊர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கல்லுடன் வைப்பது நல்லது. அமிலம் கொண்டு தூய்மை செய்யக் கூடாது. ஓடு சுண்ணாம்பாலானது என்பதால் கரைந்துவிடும். மென்மையான தூரிகை போதும். இரும்புக் கந்தகம் கலந்த படிவங்கள் ஈரக்காற்றில் பொடிந்துபோகும் என்பதால் உலர்ந்த பெட்டியில் வைக்க வேண்டும்.

இந்தியாவில் குஜராத்தின் கச்சு, ராஜஸ்தானின் ஜெய்சால்மர் ஆகியவையும் ஜுராசிக் கால அம்மோனைட்டுகளுக்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் கிடைப்பவை அதற்கு அடுத்த கிரிட்டேஷியஸ் காலத்தவை. ஸ்டோலிச்கா இவற்றையும் ஆராய்ந்து எழுதியுள்ளார். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி சமூக ஊடகங்களில் பரவியது. அவை அம்மோனைட் படிவுகள் என்று வல்லுநர்கள் பின்னர் விளக்கமளித்தனர்.