லயத்துக் கூரையும் ஏணியும்

இலங்கையின் ஹல்துமுல்லை மலைச்சரிவுகளில் முதலில் காப்பி விளைந்தது. 1869இல் தீவில் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் அதை அழித்தபின் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டங்கள் கட்டியவை லயங்கள்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் எனப்படும் அறைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் கூரையைப் பழுதுபார்ப்பதும் நிர்வாகத்தின் கடமை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கைக்குப் போனது. உரிமை மட்டும் குடியிருந்தவருக்கு வரவில்லை. ஒழுகும் தகரத்துக்கு ஆள் வராதபோது குடும்பத்தவரே ஏறினர். ஆணி ஓட்டையில் தார் பூசினர். காற்றுக்குத் தகரம் பறக்காதிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றினர். தாழ்ந்த கூரைக்கு மூங்கில் ஏணியே போதும். ஆனால் மழையில் நனைந்து உளுத்த மூங்கில் சொல்லாமல் முறியும்.

2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. தனி வீடுகளுக்கான கோரிக்கை அதன்பின் வலுத்தது. தனி வீட்டில் கூரை வேலை முழுவதும் குடும்பத்தின் பொறுப்பு. மடக்கி நிமிர்த்தக்கூடிய அலுமினிய ஏணி ஒன்று அங்கே சுவருக்கும் கூரைக்கும் உதவும். அதன் பூட்டுகள் இறுக விழவேண்டும். சாய்க்கும்போது நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் அடிப்பகுதியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். மின்கம்பி அருகே அலுமினியம் ஆகாது. விலை கூடுதலென்றால் நாலு வீட்டார் சேர்ந்து வாங்கலாம். உளுத்த ஏணியை இனியும் நம்பவேண்டாம்.