நிறுத்தச் சொல்லும் உரிமை: குழாய்வழித் தொற்றுத் தடுப்பின் வரலாறு

தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்து செலுத்துவதற்காகப் பெருஞ்சிரையில் செருகப்படும் மையச் சிரைக் குழாய், சில வேளைகளில் கிருமிகள் குருதியில் நுழையும் வழியாகவும் ஆகிவிடுகிறது. இத்தொற்று நெடுங்காலம் தவிர்க்க இயலாததாகவே கருதப்பட்டது. அக்கருத்து மாறியதில் புதிய மருந்தைவிட அதிகாரப் பகிர்வுக்கே பெரும் பங்குண்டு.

2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட், கை கழுவுதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் தூய்மை செய்தல் முதலிய சில படிகளைப் பட்டியலிட்டார். அவற்றில் மருத்துவர் அறியாதது எதுவுமில்லை. எனினும் செவிலியர் ஒரு மாதம் கவனித்துக் குறித்தபோது, மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஏதேனும் ஒரு படி விடுபட்டிருந்தது. அதன்பின், படி தவறினால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் உரிமை செவிலியருக்கு வழங்கப்பட்டது.

இம்முறை மிச்சிகன் மாநிலத்திற்கு விரிந்தது. 103 பிரிவுகளின் தரவைக் கொண்ட ஆய்வு 2006-இல் வெளியானது. குழாய் பொருத்தப்பட்டிருந்த ஒவ்வொரு 1000 நாள்களுக்கும் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, 18 மாதங்களுக்குள் 1.4 ஆகக் குறைந்தது.

இவ்வெற்றியைப் பட்டியலின் வெற்றியாக மட்டும் காண்பது பிழை. மேரி டிக்சன்-வுட்ஸ் குழுவினர் 2011-இல் இதனை ஆராய்ந்து, தொற்றைச் சமூகச் சிக்கலாக மறுவரையறை செய்ததும் பிரிவுகளை ஒரே சமூகமாகப் பிணைத்ததும் முதன்மைக் காரணங்கள் என்றனர். இங்கிலாந்து 2009-இல் இதே திட்டத்தைத் தொடங்கியபோது, திட்டத்தில் அதுவரை சேராத பிரிவுகளிலும் தொற்று குறைந்து வந்தது. ஆகவே திட்டத்தின் தனிப்பயனைப் பிரித்தறிவது அங்கே கடினமாயிற்று.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு தந்த சான்று 2018-இல் வெளியானது. பணியாளர்கள் தம் பிரிவின் காரணங்களைத் தாமே தேடினர். கைத் தூய்மை, தொடாமுறை, குழாய் இணைப்புமுனைப் பராமரிப்பு ஆகியவற்றைச் சிறு சிறு சுற்றுகளாகச் சோதித்துத் திருத்தினர். 31.7 ஆக இருந்த விகிதம் 3.5 ஆயிற்று.

ஆயினும் இந்தியாவின் 26 மருத்துவமனைகளில் 2017–18-இல் நடந்த கண்காணிப்பில் இவ்விகிதம் 8.83. வரையறைகள் முற்றிலும் ஒன்றல்ல எனினும், மிச்சிகன் தொடங்கிய இடத்தினும் இது உயர்வே. பட்டியலை அச்சிட்டு ஒட்டுவது எளிது. மூத்த மருத்துவரிடம் இளம் செவிலி “சார், நிறுத்துங்கள்” என்று அச்சமின்றிச் சொல்வதற்கு, அவர் பின்னால் நிர்வாகம் நிற்க வேண்டும்.