வளவுக்குள் நின்றுபோன வாகனங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஒழுங்கைகளில் நடந்து திரிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. மதிலோரம் டயர் மண்ணில் புதைய ஒரு பழைய வான் நிற்கும். யாருடையது என்று கேட்டால் ஊரே சொல்லும். ஏன் அகற்றவில்லை என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும்.

கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்கியடித்துக் குடியிருக்கும் ஊர்கள் இவை. காணிக்கு அத்தனை தட்டுப்பாடு. இருந்தும் ஓடாத வாகனம் ஒன்று ஆண்டுக்கணக்கில் இடத்தைப் பிடித்து நிற்பதற்குச் சோம்பலே காரணம் என்பாருண்டு. நான் அதை ஏற்பதில்லை.

2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். இடிபாடுகளை இயந்திரங்கள் அள்ளிச் சென்றன. வாகனத்தை அப்படி அள்ளிவிட இயலாது. அதற்கொரு பதிவிலக்கமும், பதிவில் ஒரு பெயரும் உண்டு. அந்தப் பெயருக்குரியவரின் ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை என்றால்? காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் வழங்க 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகே உண்மையான சிக்கல் தொடங்கும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மணமானவன் மனைவி வீட்டில் வந்து குடியிருப்பான். ஆகவே வளவு அவளுடையது, வாகனம் அவனுடையது. அவன் உயில் எழுதாமல் இறந்தால், 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இஸ்லாமிய வாரிசுரிமையே செல்லும். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று. மிகுதியில் பெரும்பகுதி பிள்ளைகளுக்கு. தன் வாசலை அடைத்து நிற்கும் பொருளில் அவள் பங்கு எட்டில் ஒன்றுதான். பழைய இரும்புக்காரனிடம் கொடுப்பதற்கு முன் மாமியிடம் போய்க் கேட்க வேண்டும். மகன் கடைசியாக ஓட்டிய வாகனத்தை உடைக்கச் சம்மதமா என்று எந்த மருமகள் கேட்பாள்? கேட்காமலே பத்து வருடம் போய்விடும்.

அரசாங்கம் இத்தகைய வளவுகளுக்குள் நுழையப் பெரிதும் வழிவிட்டது நுளம்புதான். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், தனியார் வளவைப் பரிசோதிக்கும் அதிகாரத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்தது. டயரில் தேங்கிய நீரைக் கொட்டச் செய்தார்கள். வாகனம் நின்ற இடத்திலேயே நின்றது.

பிறகு 2019 வந்தது. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்கு மறுநாள், கொழும்பு கொச்சிக்கடையில் நிறுத்தப்பட்டிருந்த வானில் இருந்த குண்டு, செயலிழக்கச் செய்ய முயன்றபோது வெடித்தது. ஆளின்றி நிறுத்தும் வாகனங்களின் கண்ணாடியில் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்குமாறு பாதுகாப்புத் தரப்பு கேட்டுக்கொண்டது. 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதிலேயே துப்பாக்கிச் சண்டையும் குண்டுவெடிப்பும். மாண்டவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதுவரை துக்கமாகவும் தொல்லையாகவும் இருந்த பழைய வாகனம், ஒரே வாரத்தில் அச்சமாக மாறிற்று. பார்த்துப் பழகிய அயலவரே ஒதுங்கி நடந்தார்கள்.

இறந்தவரின் வாகனத்தில் எவருடைய இலக்கத்தை எழுதுவது? மருதமுனையில் ஒரு வானின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது மகளுடைய இலக்கம். தகப்பனைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்கு வயது நான்கு.