பசியை மறுத்த மகளிரும் உடனமர்ந்த குடும்பமும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில், ஏலமலைச் சரிவின் அடியில் உள்ளது ராசிங்காபுரம். இவ்வட்டாரப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்திற்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புகின்றனர். இத்தகைய வீடொன்றில் மகள் மாதக்கணக்கில் சோற்றைத் தள்ளி எலும்பும் தோலுமானால் ஊர் என்ன சொல்லும்? பிடிவாதம் என்னும், காற்றுக் கறுப்பு என்னும், தவக்காலமாயின் பக்தி என்றும் சொல்லும். இறுதியில் பழி தாயின்மேல் விழும். இந்தப் பழிக்கு நீண்ட வரலாறு உண்டு.

1873இல் பாரிசில் லசேக், இலண்டனில் வில்லியம் கல் ஆகிய மருத்துவர் இருவர் இந்நோயைத் தனித்தனியே விவரித்தனர். கல் இட்ட 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயரே நிலைத்தது. பசியின்மை என்று பொருள்படும் அப்பெயர் பொருந்தாப் பெயர். இங்கே பசி இல்லாமற் போவதில்லை, அடக்கப்படுகிறது. உற்றார் உறவினரே இந்நோயாளியைப் பேணத் தகாதவர் என்று கல் கருதினார். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, பெற்றோரைப் பிரித்தாலன்றிக் குணமில்லை என்றார். மருத்துவமே தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய காலம் அது.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆடவர் ஓர் ஆய்விற்காக அரைப்பட்டினி கிடந்தனர். நல்ல உடல்நலத்தோடு வந்தவர்கள் எரிச்சலும் சோர்வும் கொண்டு, உணவைப் பற்றியே ஓயாது எண்ணலாயினர். பட்டினியே மனத்தைத் திரிக்கிறது என்பது இதனால் விளங்கியது. ஆகவே முதல் மருந்து உணவு. அறிவுரை பிறகுதான் ஏறும். அந்த உணவையும் மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகவே கூட்டவேண்டும். மிக மெலிந்த உடலில் திடீரென உணவைத் திணித்தால் இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்து இதயமே நின்றுவிடக்கூடும்.

1970களில் பிலடெல்பியாவில் மினுச்சின் குடும்பத்தை மீண்டும் உள்ளே அழைத்தார். அடுத்து இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் ரசலும் டேரும் ஐஸ்லரும் 1987இல் தம் ஆய்வை வெளியிட்டனர். 19 வயதுக்கு முன் தொடங்கி மூன்றாண்டைக் கடவாத நோயில், தனி ஆலோசனையைவிடக் குடும்பச் சிகிச்சையே மிகுந்த பயன் தந்தது. அம்முறையில் குடும்பம் நோய்க்குக் காரணமன்று, மருந்து. முதலில் பெற்றோரே வேளாவேளைக்கு உடனமர்ந்து உண்பிப்பர். எடை ஏறியபின் பொறுப்பைச் சிறிது சிறிதாக மகளிடம் திருப்பித் தருவர். வயதுவந்தோர்க்குத் தனிப்பட்ட உளச்சிகிச்சைகள் உண்டு.

குடும்பத்தை மருத்துவமனையில் உடன்தங்கச் செய்வது நமக்குப் புதிதன்று. 1950களிலேயே அமிர்தசரசில் வித்யாசாகர் உறவினர்க்குக் கூடாரம் அமைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் அவ்வழியே சென்றது. அவை இந்நோய்க்கென எழுந்தவையல்ல. ஆயினும் வழி ஒன்றே. வேலூரிலிருந்து 2007இல் வெளிவந்த ஆய்வொன்று உணவுக்கோளாறுடைய 41 சிறாரைக் குறிப்பிடுகிறது. அவர்களில் மிகப் பலர் ஓயாத வாந்தியோடு வந்தவர்கள். பருத்துவிடுவேன் என்ற அச்சத்தை நம் பிள்ளைகள் பலர் வாய்திறந்து சொல்வதில்லை. 'வயிறு நிறைந்திருக்கிறது' என்பார்கள். நாமும் வயிற்று மருத்துவரைத் தேடி அலைவோம்.

புனித சியன்னா கத்தரீனைச் சிலர் எடுத்துக்காட்டுவர். 1380இல் 33 வயதில் மறைந்த அவருக்கும் இந்நோய்தான் என்று 1985இல் வரலாற்றறிஞர் பெல் எழுதினார். அதை மறுப்போரும் உண்டு. ஆனால் உண்ண இயலாமையை ஒரு பிணியாகக் கருதி, மற்றவரைப்போல் உண்ண வரம் கேட்டு மன்றாடுவதாகக் கடிதமொன்றில் அவரே எழுதியிருக்கிறார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி 18 வயது நிறையாதோர்க்கு ஒருசந்திக் கடமையே இல்லை; 14 நிறைந்தோர்க்குச் சுத்தபோசனம் மட்டுமே. இதைப் பங்கில் எத்தனை பேர் அறிவர்?

கூலிக்குப் போகும் தாய் மாதக்கணக்கில் மூன்று வேளையும் உடனமர முடியுமா என்பதே இங்கே கடினமான கேள்வி. மதியத்திற்குப் பாட்டியோ சித்தியோ பள்ளி ஆசிரியையோ அமரலாம். ஆண்டிபட்டி அருகே தேனி அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.