நோயாளிகள் எழுப்பிய கேள்வி

2020 மே மாதம். இத்தாலியின் லொம்பார்டியைச் சேர்ந்த தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரேகோ, கொரோனா வந்து வாரக்கணக்காகியும் தேறவில்லை. தன் நிலைக்கு ட்விட்டரில் அவரே ஒரு பெயர் வைத்தார்: லாங் கோவிட். உலக சுகாதார நிறுவனம் இதற்கு வரையறை தருவதற்கு 2021 அக்டோபர் ஆகிவிட்டது.

முதல் அலையின்போது பிரிட்டனில் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குத்தான் பரிசோதனை செய்தார்கள். வீட்டில் படுத்துக் கிடந்தவர்களிடம் 'பாசிட்டிவ்' என்ற சீட்டு இல்லை. அவர்களில் பலரின் மூச்சிரைப்பையும் களைப்பையும் வெறும் பதற்றம் என்று மருத்துவர்கள் ஒதுக்கினார்கள். ஆகவே நோயாளிகளே ஆய்வில் இறங்கினார்கள். 56 நாடுகளைச் சேர்ந்த 3,762 பேரிடம் அவர்கள் திரட்டிய தகவல் 2021-இல் ஆய்விதழில் வெளிவந்தது. சீட்டு இல்லாதவர்களையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

தடுப்பூசி வந்ததும், "ஊசி போட்டபின் உடம்பு தேறியது" என்று சிலர் எழுதினார்கள். "இன்னும் மோசமாகிவிட்டது" என்றார்கள் வேறு சிலர். 'லாங் கோவிட் எஸ்.ஓ.எஸ்.' என்ற பிரிட்டன் நோயாளிகள் அமைப்பு 812 பேரிடம் விசாரித்தது. பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொல்லை குறைந்திருந்தது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மாற்றமில்லை. மீதிப் பேருக்குக் கூடியிருந்தது.

2022 மே மாதம் 'பிஎம்ஜே' இதழில் வந்த ஆய்வு, பிரிட்டனில் 28,000-க்கும் மேற்பட்டோரின் தரவை ஆராய்ந்தது. முதல் ஊசிக்குப் பின் லாங் கோவிட் இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 13% குறைந்தது. இரண்டாவதற்குப் பின் மேலும் 9% குறைந்தது. இது கவனித்துப் பதிந்த ஆய்வு மட்டுமே. ஊசிதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

தொற்றுக்கு முன்பே ஊசி போட்டவர்கள் கதை வேறு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் 4.4 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு 2024-இல் வெளியானது. ஒமைக்ரான் காலத்தில் தொற்று ஏற்பட்டு ஓராண்டுக்குள், ஊசி போடாதவர்களில் 100-க்கு ஏறக்குறைய 8 பேருக்கு லாங் கோவிட் வந்தது. போட்டவர்களில் 3 அல்லது 4 பேர்.

தோழர்களே, இந்த இரண்டையும் பிரித்துப் பேசுவோம். முன்கூட்டிப் போட்ட ஊசி ஆபத்தைக் குறைக்கிறது. நோய் வந்து துன்பப்படுபவருக்கு அது மருந்தாகுமா என்பது இன்னும் தீரவில்லை. இரண்டையும் குழப்பினால், "ஊசிதான் போட்டாயே, இன்னும் என்ன?" என்று நோயாளியின் வாயைத்தான் அடைப்போம். பதிவேட்டில் இல்லாத துன்பத்தை இல்லவே இல்லை என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தவறை நாமும் செய்யக் கூடாது.