செம்மண் சாலையும் வெள்ளைத் திரையும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், கோலா சாவா, லிங்கி வட்டாரங்கள் இருபதாம் நூற்றாண்டில் இரப்பர்க் காடுகளாய் விளங்கியவை. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, உளியும் வாளியுமாய் நிரைக்குச் சென்று, மங்குகளில் வடிந்த பாலைத் திரட்டிக்கொண்டு திரும்பிய தமிழர் பல்லாயிரவர். அவர்தம் வாழ்வு கணக்கேடுகளில் எண்ணிக்கையாக நின்றது. நாட்டுப்பாடல்களில் புலம்பலாக ஒலித்தது. அது திரைப்படத்தில் எவ்வாறு இடம்பெற்றது, யார் குரலில் இடம்பெற்றது என்பது தனித்து ஆராயத்தக்க வரலாறாகும்.

உள்ளதை உள்ளவாறு காட்டும் படத்திற்கு 'டாக்குமெண்டரி' எனும் பெயரை 1926ஆம் ஆண்டில் வழங்கியவர் ஜான் கிரியர்சன். அவர் வழிவந்த பேசில் ரைட், இலங்கைத் தேயிலை விளம்பர வாரியத்தின் பொருளுதவியோடு உருவாக்கிய 'சாங் ஆஃப் சிலோன்' 1934இல் வெளிவந்து, மறு ஆண்டு பிரசெல்சு திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. கலைத்திறத்தால் உலகப் புகழ்பெற்ற படம் அது, அப்புகழுக்கு உரியதுங்கூட. ஆயினும் அதன் மூன்றாம் பகுதியில் உழைப்பவரின் கைகள் தெரிகின்றன; கேட்பதோ விலைவாசியும் கப்பல் போக்குவரத்தும் பற்றிய வணிகக் குரல்களே. தோட்டத் தொழிலாளி திரைக்கு வந்தான், வாய் திறவாமல் வந்தான்.

மலாயாவிலும் தொடக்கம் ஏறத்தாழ இத்தகையதே. போருக்குப் பின் 1946இல் 'மலாயன் ஃபிலிம் யூனிட்' எனும் அரசுப் படப்பிரிவு தோன்றிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அதன் பணி பெருகியது. தகவல் துறையின் வாகனங்கள் தோட்டந்தோறும் சென்று, திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டின. உடல்நலம், கூட்டுறவு, அரசின் கொள்கை ஆகியன பொருளாயின. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் விளக்கவுரை அமைந்தது. தமிழ் ஒலித்தது உண்மை. ஆனால், அத்தமிழ் தொழிலாளிக்குச் சொல்லப்பட்டதே அன்றித் தொழிலாளி சொன்னதன்று. 1963இல் இப்படப்பிரிவு 'ஃபிலெம் நெகாரா மலேசியா' எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் படச்சுருள்களை முற்றிலும் பரப்புரை என ஒதுக்குவதும் முறையன்று. வேறெவரும் படம்பிடிக்காத காலத்து முகங்களும் உடைகளும் தெருக்களும் அவற்றில்தாம் எஞ்சியுள்ளன.

தமிழகத்துப் படங்களும் தோட்டத் திடலுக்கு வந்தன. மக்கள் பாய் விரித்தமர்ந்து விடிய விடியக் கண்டு மகிழ்ந்தனர். மதுரையும் தஞ்சையும் திரையில் விரிந்தன. அவர்கள் வெட்டிய பால்மரம் மட்டும் அத்திரையில் இல்லை.

அக்குறை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது. தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' 2005இல் வெளிவந்தது. பெருநிறுவனத்தின் துணையின்றிச் சிறுபொருட்செலவில், டிஜிட்டல் கருவியால் எடுக்கப்பட்ட தனிமுயற்சிப் படம் இது. 1960களின் இரப்பர்த் தோட்டம் ஒன்றில் வாழும் குடும்பத்தின் மகள் சாந்தா பல்கலைக்கழகம் சென்று பயில விழைகிறாள், இதுவே கதை. இன்றைய மாணவர்க்கு இஃது எளிய விருப்பமாகத் தோன்றலாம். அக்காலச் சூழலை எண்ணினால்தான் அதன் எடை புலப்படும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நிறுவப்பட வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறெழுந்த பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. இடைநிலைக் கல்விக்குப் பட்டணம் போகவேண்டும். பல்கலைக்கழகமோ, 1969இல் பினாங்கில் இரண்டாவது தோன்றும்வரை, நாடு முழுமைக்கும் கோலாலம்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றே. லயத்து வீட்டிலிருந்து அதன் வாயில் வரையுள்ள தொலைவே படத்தின் உண்மையான பொருள்.

படத்தில் வெடிக்கும் வசனங்கள் இல்லை. கொடியவன் என ஒருவனும் இல்லை. அன்பில்லாதவர் எவருமில்லாத வீட்டிலேயே வறுமை ஒரு பெண்ணின் படிப்பை எவ்வாறு மறிக்கிறது என்பதைப் பொறுமையோடு காட்டுகிறது. ஆடல் பாடலுக்குப் பழகிய கண்களுக்கு அது மெதுவாகத் தோன்றுவது இயல்பே. தோட்டத்து நாளும் அவ்வாறே மெதுவாக நகர்ந்தது என்பதை முதியோர் அறிவர்.

இப்படம் ஹாலந்து நாட்டு ரோட்டர்டாம் விழாவில் திரையிடப்பட்டது; பிரான்சில் நாந்த் நகரின் மூன்று கண்டத் திரைப்பட விழாவில் நடுவர்குழுவின் சிறப்பு விருதைப் பெற்றது. மலேசியத் தமிழ்ப்படம் ஒன்று அயல்நாட்டில் அறியப்பட்ட பின்னரே உள்நாட்டில் பலரும் அதனைத் தேடலாயினர். இது வருந்தத்தக்கதே.

தோட்டத்தின் முடிவை எடுத்துரைத்தது மற்றொரு படம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. தீயது எனப் பொருள்படும் 'ஜாஹாட்' எனும் மலாய்ச் சொல்லின் தமிழ்நாவுத் திரிபே அதன் தலைப்பு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் நகர் ஓரங்களுக்கும் தள்ளப்பட்ட பின், 1990களின் தொடக்கத்தில் அப்போய் எனும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் குண்டர் கும்பலின்பால் ஈர்க்கப்படும் நிலையை அது கூறுகிறது. 'செம்மண் சாலை'யில் கல்வி எட்டாத கனி. 'ஜகாட்'டில் கல்வி கையருகே இருந்தும் சுவையற்ற கனி. தமிழாசிரியர் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காண்பது நன்று.

2016ஆம் ஆண்டின் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவின்போது ஒரு வினா எழுந்தது. பெரும்பகுதி தேசிய மொழியில் அமையாத படங்களுக்குத் தனிப்பிரிவு வகுக்கப்பட்டிருந்தது. அவ்வாறாயின், இந்நாட்டு மண்ணில், இந்நாட்டுக் குடிமக்களைப் பற்றி, இந்நாட்டவரே எடுத்த தமிழ்ப்படம் மலேசியப் படமாகாதா? மலாய்க் கலைஞர்களே முன்னின்று கண்டித்தனர். ஒளிப்பதிவாளர் முகமது நோர் காசிம், நடிகர் அஃப்டிலின் சவுக்கி போன்றோர் விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தனர். விதி திருத்தப்பட்டது, மொழி வேறுபாடின்றி எல்லாப் படங்களும் போட்டியிடும் சிறந்த மலேசியத் திரைப்பட விருது அமைந்தது. அவ்விருது 'ஜகாட்'டுக்கே கிட்டியது. நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டிற்குப் பால் வெட்டித் தந்த மக்களின் மொழி, அந்நாட்டின் மொழிகளுள் ஒன்றாகத் திரையில் ஏற்கப்பட்ட நாள் அது.

அதற்குள் தோட்டங்கள் பெரிதும் மறைந்துவிட்டன. இரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை எழுந்தது; சிரம்பானைச் சுற்றிய தோட்ட நிலங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன, பெரட்டுக் களங்களில் புல் மூடியது. தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குப் பெயர்க்கப்பட்ட தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் மட்டும், தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' எனும் சொல் இன்றும் நிற்கிறது. அச்சொல்லின் கீழ் நடந்து செல்லும் பிள்ளைகள் பலர் பால்மரத்தைப் படத்தில்தான் கண்டிருக்கின்றனர்.